முதலில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்

பிரிட்டனில் முதல் ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கப் போகும் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்



ஹாரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் கார் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். “அந்தக் காசுக்கு நாலு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு நல்ல கார் வாங்கலாமே” என்று அம்மா சொல்லியிருப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கண் போய் நிற்பது இரண்டே இருக்கையும் மடங்கும் கூரையும் கொண்ட அந்தச் சிவப்பு வண்டியில்தான்.

உங்களைத் தடுப்பதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. வாங்குங்கள். இருபத்தைந்து வயதில் கிடைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் நாற்பத்தைந்தில் திரும்பி வராது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலைச்சீட்டில் எழுதியிருக்கும் தொகை, அது உங்களிடம் கேட்கப்போகும் மொத்தப் பணத்தில் ஒரு பகுதிதான். மீதியைக் கேட்பது துரு, ரப்பர், எண்ணெய், இன்ஷூரன்ஸ், லண்டன் மாநகரம். இவை ஒவ்வொன்றும் எப்படிக் கேட்கும், எவ்வளவு கேட்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர் அந்த வண்டியைப் பத்து வருடம் அனுபவிப்பார். தெரியாதவர் பத்து மாதத்தில் விற்றுவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்ற பேச்சையே விட்டுவிடுவார்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். முதல் முறை வாங்குகிறவருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5. இதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1970களின் முடிவில், எடை குறைந்த, கூரை திறக்கும், இரண்டு இருக்கைக் கார் என்ற இனமே அருகிக்கொண்டிருந்தது. அதன் தாய்வீடு பிரிட்டன். எம்ஜி, டிரையம்ப், லோட்டஸ் என்று பெயர் பெற்ற குடும்பம். அந்தக் கார்களை ஓட்டுவது அவ்வளவு சுகம். ஆனால் எண்ணெய் ஒழுகும், மழை பெய்தால் மின் இணைப்புகள் மக்கர் செய்யும் என்ற கெட்ட பெயரும் கூடவே வந்தது. எம்ஜிபி காரைச் செய்துவந்த அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு, பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், அந்தப் பழைய பிரிட்டிஷ் வகையைப் புதிதாகச் செய்து பாருங்கள் என்று வலியுறுத்தினார். ஹால் பிறகு மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். யமமோட்டோ நிறுவனத்தின் தலைவரானார். தோஷிஹிகோ ஹிராய் என்ற பொறியாளரின் பொறுப்பில் உருவான வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் திரை விலக்கியது.

ஹிராய் தன் குழுவுக்கு வைத்த இலக்கு ஒரு ஜப்பானியச் சொற்றொடர்: ஜின்பா இத்தாய். புரவியும் அதன் மேல் இருப்பவனும் ஓருடலாவது என்பது அதன் பொருள். பெரிய எஞ்சினால் அதை அடைய முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமபாதி, நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், மொத்த எடை ஒரு டன்னுக்குக் கீழே. 1.6 லிட்டர் எஞ்சின் தந்தது சுமார் 115 குதிரைத்திறன். மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட ஒன்பது வினாடிக்குப் பக்கத்தில் ஆகும். இன்று பள்ளிக்குப் பிள்ளையை விடப் போகும் குடும்பக் கார் அதே நேரத்தில் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். ஆனாலும் அந்தச் சின்ன வண்டி 2000ஆம் ஆண்டில் 5,31,890 என்ற எண்ணிக்கையோடு, உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரல் 22 அன்று ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

உங்களுக்கு இந்த எண்ணிக்கை முக்கியம். இத்தனை வண்டி ஓடுவதால்தான் பாகங்கள் கிடைக்கின்றன. சாதாரண விலையில் கிடைக்கின்றன. தெருமுனை மெக்கானிக்குக்கூட அதன் உள்ளும் புறமும் தெரியும். 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, நிறுத்திவிட்ட பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்யத் தொடங்கியது. முதல் தலைமுறையின் மரத்தாலான நார்டி ஸ்டீயரிங் முதல் அந்தக் காலத்து டயர் வரை அதில் அடக்கம். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிறிய காருக்கு அதைச் செய்த நிறுவனமே இப்படிப் பொறுப்பேற்பது அரிது.

சரி, வேறு வண்டியே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லவில்லை. விலைக் கணக்கை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். புதிதாக வந்தபோது பெரும் பணம் கேட்ட போர்ஷே பாக்ஸ்டர் இன்று சாதாரணச் சின்னக் காரின் விலைக்கு நிற்கும். வண்டியின் விலைதான் இறங்கியது. அதன் பிரேக்கும் கிளட்சும் கூலண்ட் பம்பும் இன்னும் போர்ஷே விலையிலேயே இருக்கின்றன. 1996இல் வந்த அதன் முதல் தலைமுறை எஞ்சினுக்குள் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கும் பேரிங் சில வண்டிகளில் உடைந்து எஞ்சினையே அழித்திருக்கிறது. அமெரிக்காவில் அது வழக்காகி, 2013இல் சமரசத்தில் முடிந்தது. கிளட்ச் மாற்றும்போதே அந்தப் பேரிங்கையும் பார்த்து மாற்றி, ரசீது வைத்திருக்கும் உரிமையாளரிடம் வாங்கினால் பாக்ஸ்டர் அருமையான வண்டி. ரசீது இல்லாத பாக்ஸ்டரை விட்டுவிடுங்கள்.

லோட்டஸ் எலீஸ் இன்னும் மென்மையானது. முதல் வண்டிகள் முக்கால் டன்கூட இல்லை. அலுமினியச் சட்டம் என்பதால் துரு அதைத் தொடாது. ஆனால் ஒரு சின்ன மோதல் அந்தச் சட்டத்தை வளைத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். ஆரம்பகால எலீஸில் இருந்த ரோவர் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் பழுதாகும் கதை பிரிட்டனில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தெரியும். ஹோண்டா எஸ்2000 எஞ்சின் 9,000 சுற்று வரை பாடும் அற்புதம். ஆயில் அளவை வாராவாரம் பார்க்கிறவருக்கு மட்டும் அது. மாஸ்டாவின் சொந்தக் குழந்தையான ஆர்எக்ஸ்-8 விளம்பரங்களில் மிக மலிவாகத் தென்படும். அதன் ரோட்டரி எஞ்சின் இயல்பாகவே கொஞ்சம் ஆயிலையும் சேர்த்து எரிக்கும். சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் உள்ளே பெட்ரோல் நிறைந்து மறுபடி கிளம்ப மறுக்கும். ரோட்டர் முனையில் உள்ள சீல் தேய்ந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். கம்ப்ரஷன் சோதனை செய்த தாள் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள்.

இனி துரு. இந்த மடலில் நீண்டு பேச வேண்டியது இதைத்தான்.

சென்னையில் கடற்கரையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்ணம் மேலே பளபளப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் பொருக்கு உதிரும். பிரிட்டனில் கடல் தேவையில்லை. பனிக்காலம் முழுக்கக் கவுன்சில் லாரிகள் ரோட்டில் உப்பைக் கொட்டுகின்றன. அந்த உப்பு நீர் வண்டியின் அடிவயிற்றுக்குள் புகுந்து தங்குகிறது. எம்எக்ஸ்-5 எஞ்சினால் செத்ததைவிடத் துருவால் செத்தது மிக மிக அதிகம்.

அது எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி போன்ற உலோகப் பகுதிக்கு சில் என்று பெயர். துணிக் கூரையில் விழும் மழைநீர் பின்னால் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னே இரண்டு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைச் சருகும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். நீர் போக வழியின்றி உள்ளே வழிந்து, கம்பளத்தின் அடியிலும் சில்லின் உள்ளேயும் தேங்கும். பெட்டி உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கில் பவுண்டு செலவாகும். அந்தத் துளையை மழுங்கிய முனையுள்ள வளையும் கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் போதும். அழுத்திக் குத்தினால் மட்டும் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும். அவ்வளவுதான் எச்சரிக்கை.

எனவே பார்க்கப் போகும்போது எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் இருக்கைக்குப் பின்னே கையை விட்டுக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வந்த வழியே திரும்பலாம். 1998க்குப் பிந்தைய இரண்டாம் தலைமுறை வண்டியானால், எஞ்சினுக்கு இருபுறமும் முன்னோக்கிப் போகும் சட்டக் கால்களையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவை இரட்டைத் தகடு. நடுவில் நீர் புகுந்து உள்ளிருந்தே கரைந்துவிடும். அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த பூச்சு எதையோ மூடுவதற்காக இருக்கலாம்.

இந்த நாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய வரம் இருக்கிறது. நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. மூன்று வயதைத் தாண்டிய கார் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி சோதனையில் தேற வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் என்ன குறை கண்டார்கள், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்ற பதிவை அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணை மட்டும் தட்டி யாரும் காசின்றிப் பார்க்கலாம். அதைப் படிப்பதே ஒரு கலை. நாலு வருடம் தொடர்ந்து “சில் பகுதியில் அரிப்பு” என்று அறிவுரை எழுதியிருந்து, ஐந்தாம் வருடம் அது காணாமல் போயிருந்தால், ஒன்று வெல்டிங் நடந்திருக்கும், இல்லையேல் பூச்சு நடந்திருக்கும். வெல்டிங் என்றால் ரசீது இருக்க வேண்டும், கேளுங்கள். வருடத்துக்கு இருநூறு மைல் மட்டும் ஓடிய வண்டியைப் பொக்கிஷம் என்று நினைக்காதீர்கள். நின்றே கிடந்த வண்டியின் பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும், சீல்கள் காய்ந்திருக்கும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகியிருக்கும். வருடம் நாலாயிரம் மைல் ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய ரசீதோடு வரும் வண்டி அதைவிட மேல்.

கூடவே கடன் பாக்கியும் விபத்து வரலாறும் தரும் சோதனைக்குச் சில பவுண்டு செலவழியுங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு, விபத்தில் சட்டம் அடிபட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிட்ட வண்டிக்கு ‘கேட் எஸ்’ என்ற முத்திரை விழும். ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த முத்திரை குத்தப்பட்டவை நிறைய.

லண்டனில் வசிப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்ற காற்றுமாசுக் கட்டணப் பகுதி தலைநகரின் எல்லா பரோக்களுக்கும் விரிந்துவிட்டது. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. ஈஸ்ட் ஹாமில் வீட்டு வாசலில் நிற்கும்வரை கட்டணம் இல்லை. தெருவில் ஓட்டினாலே உண்டு. 1990களின் எம்எக்ஸ்-5, கண் இமைபோல விளக்குகள் எழும்பி விழும் அந்த அழகுராணி, பொதுவாக இந்தத் தரத்தில் தேறாது. நாற்பது வயது தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவானால் விலக்கு உண்டு. மூத்த எம்எக்ஸ்-5க்கும் அந்த வயது இன்னும் வரவில்லை. வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கிறவருக்கு வருடத்துக்கு 650 பவுண்டு. தினமும் வேலைக்கு எடுத்துப் போக நினைக்கிறவர் 2006க்குப் பிறகு பதிவான மூன்றாம் தலைமுறையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். எந்த வண்டியானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நடுவில் வந்த சில வண்டிகள் தேறும், சில தேறாது.

முதல் தலைமுறையில்தான் மனம் நிற்கிறது என்றால் இன்னும் மூன்று விஷயம். 1990களின் நடுவில் இங்கே விற்ற சில 1.6 லிட்டர் வண்டிகளின் திறனை 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள். பழைய 115இன் துள்ளல் அதில் இல்லை, ஓட்டிப் பார்த்தாலே தெரியும். 1991 வரையிலான தொடக்க கால எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முனை குட்டையானது. அங்கே இருக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்து போகலாம். எஞ்சின் ஓடும்போது முன்னால் சுழலும் கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று குனிந்து பாருங்கள். மூன்றாவது, யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர்ப் பலகையோடு நிற்கும் வண்டியைக் கண்டு தயங்க வேண்டாம். அது ஜப்பானில் விற்ற அதே கார், அங்கிருந்து இறக்குமதியானது. இந்த ஊர் உப்பைக் குறைந்த காலமே பார்த்திருப்பதால் பல யூனோஸ்களின் அடிப்பகுதி நல்ல நிலையில் இருக்கும்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதச் சம்பளத்தைப் பளபளப்பான அலாய் சக்கரத்துக்கும் சத்தமிடும் சைலன்ஸருக்கும் கொடுத்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான ரப்பர் கல்லாகியிருக்கும். மழையில் நனைந்த ரவுண்டபவுட்டில், இழுவை பின்சக்கரத்தில் உள்ள, வழுக்கலைத் திருத்தும் மின்னணு உதவி எதுவுமில்லாத காரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பகுதி முந்திக்கொண்டு வரும். இந்த வண்டிகள் சுவரில் போய் முட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். நெடுஞ்சாலையில் நூறு மைல் வேகத்தில் போய் அல்ல. முதல் தலைமுறையின் 185/60 14 அங்குல டயர் விலை உயர்ந்ததே இல்லை. நான்கையும் நல்ல நிறுவனத்தின் டயராக ஒரே நாளில் மாற்றுங்கள்.

அடுத்த வாரம் நான்கு சக்கர அலைன்மென்ட். எம்எக்ஸ்-5இல் நான்கு மூலையிலும் சக்கரத்தின் சாய்வை மாற்ற போல்ட்டுகள் இருக்கின்றன. அவை துருவேறி இறுகியிருக்கலாம், மெக்கானிக் திட்டுவார். பரவாயில்லை, விடுவிக்கச் சொல்லுங்கள். சரியாக வைத்த பிறகு அதே வண்டியை எடுத்துப் பார்த்தால் வேறு வண்டியோ என்று தோன்றும். கியர் குச்சியின் அடியில் உள்ள ரப்பர் உறையும் அங்கே ஊற்ற வேண்டிய ஆயிலும் பல வண்டிகளில் வருடக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும். ஒரு மதிய நேர வேலை. அதன்பின் கியர் விழும் அந்தக் ‘க்ளிக்’குக்காகவே காரணமில்லாமல் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ரேடியேட்டரின் மேற்புற பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் அது வெடிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் தலைமுறை எஞ்சினின் வடிவமைப்பில் ஒரு கருணை இருக்கிறது: பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளா. வண்டி நடுவழியில் நிற்கும், எஞ்சின் நொறுங்காது. போர்ஷே 944இல் அதே பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து பெரும் செலவு வரும். குளிர்ந்த காலையில் எஞ்சின் மேலே ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் பதறாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டாப்பெட்டுகள் அவை. ஆயில் புதிதானால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த வேலைகளில் பாதியை வீட்டு வாசலில் நீங்களே செய்யலாம். பிள்ளைகளைக் கணினியைத் தவிர வேறு எதையும் தொடவிடாமல் வளர்த்துவிட்டோம் என்று வருந்தும் அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரில் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் தாங்களே பிரித்துப் பூட்டியவர்கள் அவர்கள். கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: காரோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. உறுதியான தாங்கு முட்டுகள் இரண்டு வாங்கி வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள்.

அப்பா என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் தொகை குறையும் என்று அவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டி, உண்மையில் நீங்கள் ஓட்டுவது நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அது மோசடி. விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். அப்பாவின் பெயரும் சேர்ந்து கெடும். வண்டியில் செய்த மாற்றங்களைச் சொல்லாமல் விடுவதும் அதே ஆபத்தில் முடியும். வருடத்துக்கு இத்தனை மைல்தான் என்று எல்லை வைத்துக் கொடுக்கும் பாலிசிகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது காருக்கு அவை பொருந்தும். காரின் விலையில் பாதிக்குச் சமமான தொகை முதல் வருடத்துக்கென்று தனியாகக் கையில் இல்லாவிட்டால், இன்னும் ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. இருபது வயது தாண்டிய காருக்கு, எத்தனால் குறைந்த, ‘சூப்பர்’ என்று எழுதியிருக்கும் இ5 பெட்ரோலே ஏற்றது. பனிக்காலத்தில் உப்பு ரோட்டில் போய் வந்தால் அன்றே அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவுங்கள். சில் பெட்டிகளுக்குள் மெழுகைப் பீச்சி அடைக்கும் வேலையை உலர்ந்த கோடையில் செய்துகொள்ளுங்கள். முதல் தலைமுறைக் கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். குளிரில் மடக்கினால் விரிசல் விடும். முதலில் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைத்த பிறகே கூரையை இறக்க வேண்டும்.

இத்தனை பாடும் எதற்காக?

ஒரு அக்டோபர் காலை. குளிர் இருக்கிறது, மழை இல்லை. இருக்கையில் அமர்ந்தபடியே கொக்கிகளை விடுவித்து, ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். ஹீட்டரை முழுதாகத் திருகினால் காலடி அடுப்பங்கரை போலக் கதகதக்கும். நெற்றியில் மட்டும் குளிர் அறையும். ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஏ57 சாலையின் ஸ்னேக் பாஸ், லாங்கோத்லென் அருகே ஏ542 ஏறும் ஹார்ஸ்ஷூ பாஸ், யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் பட்டர்டப்ஸ். லண்டனிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியாதவருக்கு சசெக்ஸில் ஆஷ்டவுன் காடு ஒரு மணி நேரச் சொச்சம்தான். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. வளைவில் முன்சக்கரம் என்ன செய்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. பின்சக்கரம் என்ன செய்கிறது என்று இடுப்புக்குத் தெரிகிறது. ஸ்பீடோமீட்டரில் ஐம்பது மைல்கூட இல்லை. ஈரமான பிராக்கன் செடியின் வாசனையும் ஆட்டுப் பட்டியின் வாசனையும் நேராக முகத்துக்கு வருகின்றன. நானூறு குதிரைத்திறன் காரில் அதே சாலையில் போகிறவர், தன் எஞ்சினில் கால்வாசியைக்கூடத் தொட முடியாமல், பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கிக்கொண்டிருப்பார். உங்கள் சின்ன வண்டி தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் கொடுக்கும். லைசென்ஸும் பத்திரமாக இருக்கும்.

ஆகவே மூடி வைக்க வாங்காதீர்கள். மெத்தென்ற உறை போட்டு ஆறு மாதம் கொட்டகையில் பூட்டி, விலை ஏறும் என்று காத்திருக்கிற பழக்கம் பரவி வருகிறது. இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. மாதம் இரண்டு முறையாவது ஆயில் நன்றாகச் சூடாகும் வரை, குறைந்தது இருபது மைல், ஓட்டுங்கள். பிரேக்கும் சீலும் பேட்டரியும் அதனால் வாழும். எம்எக்ஸ்-5 உரிமையாளர் கிளப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே முப்பது வருடமாக இதே வண்டியை வைத்திருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதை முழுசாகக் கொடுத்து, நீங்கள் பார்க்கப் போகும் வண்டியின் அடியில் உங்களோடு படுத்துப் பார்ப்பார்கள். நம் பிள்ளைகளை இந்தக் கூட்டங்களில் இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டும் என்பது இந்த மடலின் ஆசை.

வரும் சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகிறீர்கள். இன்றிரவே அதன் எண்ணை எம்ஓடி பக்கத்திலும் யூலெஸ் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். ஒரு டார்ச், பழைய துண்டு ஒன்று, விவரம் தெரிந்த ஒருவர், மூன்றும் கூட வரட்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். அன்று கம்பளத்தின் அடியில் கை வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.